மாடு முளையடியில் நின்ற நேரம்

ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஜூன் மாதம் வந்தால் இரண்டு காட்சிகள் தவறாது. அமெரிக்காவில் இருக்கும் பேரன் பேத்திகள் லீவுக்கு வந்து இறங்குவார்கள். உள்ளூர்ப் பையன்கள் சிலர் கையில் டி.சி.யோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைவார்கள். சில வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டு காட்சியும் ஒரே நாளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சந்தித்துக்கொண்டன.

பேத்தி நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தாள். வயசு பதினேழு. அவள் பையிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்தாள் பாருங்கள், சோப்பு டப்பா மாதிரி கனம், மேலே ஒரு சின்னத் திரை. டிஐ-84 பிளஸ் என்று பெயர். சமன்பாட்டைக் கொடுத்தால் படமே வரைந்துவிடும். இந்த வகையில் முதலாவது 1985-இல் வந்த காசியோ கம்பெனியின் மிஷின். அங்கே கால்குலஸ் படிக்கிற பிள்ளைகள் எழுதும் 'ஏபி' பரீட்சையில் ஒரு பகுதிக்கு 1995 முதல் இது கட்டாயம். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன். நம் பிளஸ் டூ ஹாலில் சாதாரண கால்குலேட்டரையே உள்ளே விடாமல் லாக் டேபிளைக் கையில் கொடுத்துப் பழகிய எனக்கு, பரீட்சைக்கு இதைக் கொண்டுவராவிட்டால்தான் தப்பு என்பதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து பக்கத்துத் தெருக்காரர் மகனோடு வந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். கடன் வாங்கிப் பையனை விடுதிப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் சேர்த்திருந்தார். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். வருஷக் கடைசியில் கூப்பிட்டு, "உங்க பையன் கணக்குல மாசாமாசம் ஃபெயில். இவன் பிளஸ் டூ எழுதினா எங்க நூறு பர்சென்ட் போயிரும். டி.சி. வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

"என்னுங்க சார் பண்றது? மரமண்டைங்க இவன். உங்களுக்குத் தெரிஞ்ச கவர்மென்ட் ஸ்கூல்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

பையன் தலையைக் குனிந்து நின்றான். ஆனால் கண் மட்டும் பேத்தி கையிலிருந்த திரை மேலேயே இருந்தது. அதில் ஒரு மூன்று இதழ்ப் பூ மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அது எப்படி பூ வருது?"

கணக்கு என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஓர் இடத்தைக் குறிக்க இரண்டு வழி உண்டு. கிழக்கே பத்து அடி, வடக்கே ஐந்து அடி என்று சொல்வது ஒன்று. நம் பள்ளிக்கூட கிராஃப் பேப்பர் அதுதான். இன்னொரு வழி, மேய்ச்சலுக்கு மாடு கட்டுகிறவனின் வழி. முளைக்குச்சியை அடித்து, கயிற்றில் மாட்டைக் கட்டுகிறோம். மாடு எந்தத் திசையில் நிற்கிறது, கயிறு எத்தனை அடி நீண்டிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் மாடு நிற்கும் இடம் தெரிந்துவிடும். திசைக்குத் தீட்டா, கயிற்று நீளத்துக்கு ஆர். இதைத்தான் போலார் முறை என்கிறார்கள். கயிறு ஒரே நீளமாக இருந்தால் மாடு வட்டம் போடும். மாடு சுற்றச் சுற்ற நாம் கயிற்றை விட்டும் இழுத்தும் கொண்டிருந்தால்? அப்போதுதான் விதவிதமான கோலங்கள். ஆர் = 8 சைன் 3 தீட்டா என்று கொடுத்தால், கயிறு நீண்டு, சுருங்கி, முளையடிக்கே வந்து, மறுபடி நீளும். மாட்டின் காலடித் தடம் மூன்று இதழ்ப் பூவாகிவிடும். கணக்கில் கழித்தல் குறி வந்தால் மாடு முளைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் இதய வடிவத்தில் வரும் கார்டியாய்டின் பரப்பளவைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கண்டுபிடித்து மார்க்கும் வாங்குவார்கள். அது இதயம் மாதிரி இருக்கும் என்பதைக் கையால் வரைந்து பார்க்காமலே வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். என்னிடம் படித்தவர்களிலும் உண்டு, என்ன செய்ய.

பையன் உட்கார்ந்துவிட்டான். 3 இருந்த இடத்தில் 2 போட்டான், நான்கு இதழ் வந்தது. 4 போட்டால் எட்டு. 5 போட்டால் ஐந்து. கால் மணி நேரத்தில் அவனே சொன்னான்: "ஒத்தப்படைன்னா அதே எண்ணிக்கை. ரெட்டப்படைன்னா டபுளாகுதுங்க சார்." நான் கல்லூரியில் போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்ன விதி அது.

பத்தைத் தாண்டியதும் இதழ்கள் கூராக ஆரம்பித்தன. 12 போட்டான். இருபத்துநான்கு இதழ் வர வேண்டும். வந்தவை இதழ்கள் அல்ல, இருபத்துநான்கு குச்சிகள். நம் தேசியக் கொடியில் இருக்கும் சக்கரத்தின் வெளிவளையத்தைக் கழற்றிவிட்ட மாதிரி. பிறகு 24 போட்டான்.

திரை காலி.

"அக்கா, செத்துப்போச்சு."

பேத்தி வாங்கித் தட்டிப் பார்த்தாள். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. மறுபடி போட்டாலும் காலி. அவள் உதட்டைப் பிதுக்கினாள். பையன் விடவில்லை. 25 போட்டான், ஏதோ சிக்கலான நூல்கண்டு வந்தது. 48 போட்டான், காலி. 49 போட்டான். ஒரு வட்டம்! கொஞ்சம் சப்பையாக, ஆனால் அப்பழுக்கில்லாத ஒரே வட்டம். நாற்பத்தொன்பது இதழ்ப் பூ வர வேண்டிய இடத்தில், சைன் தீட்டா என்று ஒன்றுமே போடாமல் கேட்டால் வருகிற அதே வட்டம்.

நான் அதுவரை சாய்வு நாற்காலியில் இருந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்த மிஷின் மாட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஏழரை டிகிரிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. கயிறு எவ்வளவு என்று அளந்து ஒரு புள்ளி வைக்கிறது. ஒரு சுற்றுக்கு நாற்பத்தெட்டு தடவை. பிறகு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. நம் வாசல் கோலத்திலாவது நெளிக்கோலம் என்று ஒன்று உண்டு, இழை புள்ளியைத் தொடாமல் இடையில் புகுந்து வளைந்து போகும். இதற்கு அது தெரியாது. ஏழரைச் சனி என்பார்கள், இது ஏழரை டிகிரி. வாங்கும்போதே அப்படித்தான் அமைத்துக் கொடுக்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

24 போட்டால் கயிறு சரியாக ஏழரை டிகிரிக்கு ஒரு முறை முளையடிக்கு வருகிறது. மிஷின் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மாடு முளையடியில் நிற்கிறது. நாற்பத்தெட்டு முறை பார்த்தது, நாற்பத்தெட்டு முறையும் பூஜ்யம். இடைப்பட்ட நேரத்தில் மாடு எட்டடி தூரம் ஓடிவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஒரு தடவை அல்ல, நாற்பத்தெட்டு தடவை. அதைப் பார்க்க ஆள் இல்லை. 49 போட்டால் இதற்கு நேர்மாறு. இடையில் என்னென்ன குதி குதித்தாலும், பார்க்கிற அந்தக் கணத்தில் மட்டும் வட்டத்தின் மேலேயே வந்து நின்றுவிடுகிறது.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். டி.சி. என் மடியில் இருந்தது.

உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும், எதற்காக இதைச் சொல்கிறேன் என்று. ஆனால் அவசரப்பட வேண்டாம். 'பரீட்சையே மோசம், மார்க்கு முறையே ஒழிய வேண்டும்' என்று நான் சொல்லப்போவதாக நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பரீட்சை இல்லாத காலத்தில் எங்கள் பக்கம் யார் படித்தார்கள், யார் உத்தியோகத்துக்குப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். மாமனும் மச்சானும் இருந்தவர்கள் போனார்கள். கேள்வித்தாளுக்குச் சாதி தெரியாது, ஊர் தெரியாது, அப்பன் வெல்டரா வக்கீலா என்று தெரியாது. விடைத்தாளில் டம்மி நம்பர் போட்டுத் திருத்துகிறோமே, அதைவிடப் பெரிய சமத்துவம் நம் நாட்டில் எத்தனை இடத்தில் நடக்கிறது? பிளஸ் டூ எழுதுகிற ஏழெட்டு லட்சம் பேரை ஆளுக்கு ஒரு விதமாக அளக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே ஏழரை டிகிரி. அதுதான் நியாயம்.

அந்த நியாயத்துக்குள்ளேயேதான் சிக்கலும் இருக்கிறது. அளவு ஆளுக்கு ஆள் மாறினால், ஒரு தடவை தப்பினவன் அடுத்த தடவை கண்ணில் பட்டுவிடுவான். அளவு எல்லாருக்கும் எப்போதும் ஒன்றே என்றால், 24-ஆம் நம்பர் பூ எப்போதுமே காலிதான். இன்றைக்கும் காலி, நாளைக்கும் காலி, மாசாமாசம் டெஸ்ட் வைத்தாலும் காலி. இது தற்செயலான தப்பு இல்லை. ஒரு குறிப்பிட்ட அமைப்போடு பிறந்தவன் மேல் மட்டும் திரும்பத் திரும்ப விழுகிற தப்பு. பாரபட்சமே இல்லாமல் நடந்துகொண்டும் ஒருவனுக்கு வாழ்நாள் முழுக்க அநியாயம் செய்ய முடியும் என்பதை, அறுபது வயசுக்கு மேல் ஒரு மிஷினிடம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதா என்ன? நாமக்கல் மலையடியில் நரசிம்மர் கோயிலில் நாமகிரித் தாயார் இருக்கிறாள். கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அந்த மனிதர், தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டியதாகச் சொல்வாராம். எதிரே கூரையில்லாத சந்நிதியில் பதினெட்டு அடி ஆஞ்சநேயர் நிற்கிறார். அவரைக் கும்பிட வருகிற பெற்றோர்கள் பலர் அப்படியே தாயார் முன்னால் போய்ப் பிள்ளைக்கு மார்க்கு வேண்டுகிறார்கள். தாயார் மனசுக்குள் சிரிப்பாள் என்று நினைக்கிறேன். அவளுடைய செல்லப்பிள்ளை கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாதவர். கணக்கைத் தவிர மற்ற பாடத்தில் கோட்டை விட்டார். அன்றைய பரீட்சை எட்டிப் பார்த்த இடங்களில் எல்லாம் மாடு முளையடியில்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குத் தன் சூத்திரங்களை அனுப்பினார். பேக்கர், ஹாப்சன் இரண்டு பேரும் பெரிய மனிதர்கள், உதவவில்லை. 1913 ஜனவரியில் எழுதிய கடிதம் ஹார்டி கைக்குப் போனது. அவருக்கும் முதலில் சந்தேகம்தான், ஏதாவது மோசடியாக இருக்குமோ என்று. ஒதுக்கி வைத்துவிட்டார். அன்று இரவே லிட்டில்வுட்டை உட்கார வைத்துக்கொண்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். அந்தக் கடிதத்தில் எல்லாம் சரியாக இருந்ததா என்றால் இல்லை, பகா எண்களைப் பற்றி எழுதியதில் தப்பும் இருந்தது. தப்பு இருந்தும் ஹார்டி இரண்டாம் முறை பார்த்தார். ஐந்து வருஷத்தில், 1918-இல், எஃப்.ஏ. தேறாதவர் ராயல் சொசைட்டி ஃபெல்லோ.

உடனே 'இந்த வெல்டர் மகனும் ஒரு ராமானுஜன்' என்று நான் கதை விடுவேன் என்று பார்க்காதீர்கள். அது இன்னொரு விதமான பொய். ஆர் = 0 என்று போட்டாலும் திரை காலிதான். காலித் திரைக்குப் பின்னால் எல்லாம் பூ இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், நாற்பத்தெட்டு இதழும் இருக்கலாம், இரண்டும் பார்வைக்கு ஒன்றே. என் கேள்வி அதுதான். இரண்டில் எது என்று தெரியாதபோது நாம் என்ன செய்ய உரிமை உள்ளவர்கள்? 'நான் பார்த்தபோது தென்படவில்லை' என்று எழுதலாம். ஃபெயில் என்ற வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம், அதை எழுதுகிற உரிமை பரீட்சைக்கு உண்டு. 'இங்கே ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போ' என்று டி.சி. கிழிப்பது வேறு விஷயம். அது அளவுகோலின் குற்றம் இல்லை, கிழித்த கையின் குற்றம். அப்பனே மகனை 'மரமண்டை' என்று சொல்லும்படி ஆகிவிடுகிறதே, அது எந்தப் பரீட்சை போட்ட மார்க்கு?

இரண்டாயிரங்களில் மாநில ரேங்க் பட்டியல் வருகிற நாளில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பெயர் இல்லாமல் பேப்பர் வராது. லாரிக்கும் முட்டைக்கும் அப்புறம் எங்களுக்குக் கிடைத்த பெருமை. வெளி மாவட்டத்துக்காரர்கள் 'பிராய்லர் பள்ளி' என்று கேலி செய்தபோது கோபம்கூட வந்தது. 2017-இல் ரேங்க் அறிவிப்பையே அரசு நிறுத்திவிட்டது. அதே வருஷம் நீட்டும் வந்து சேர, போர்டுகளில் எழுத்து மாறியது. அந்தப் பட்டியல்களில் 49-ஆம் நம்பர் வட்டங்கள் எத்தனையோ! பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கேள்வி வருகிற இடம் எது என்று தெரிந்து அந்த இடத்தில் மட்டும் வந்து நிற்கப் பழக்கினால் யார்தான் நிற்க மாட்டார்கள்? நானும் அப்படி நின்று பாஸானவன்தான். காலித் திரைக்கு இரக்கப்படுகிறோம், அழகான வட்டத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. அதையும் எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கு நேர்காணல் நடத்துவது பல வருஷம் என் பொறுப்பு. எல்லாரிடமும் மூன்றே கேள்வி. அதே மூன்று. 'சாருக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது' என்று பெயர் வாங்கியிருந்தேன், அதில் கர்வமும் உண்டு. ஒரு வருஷம் சேந்தமங்கலம் பக்கம் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். மூன்று கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. இங்கிலீஷில் கேட்டது புரியவில்லையா, பயமா, உண்மையிலேயே தெரியாதா? நான் யோசிக்கவில்லை. கையில் ஒரு நீள நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். நடுவில் ஒரு தடவை அதைத் திறக்கப் போனான். "அதெல்லாம் வேண்டாம், கேட்டதுக்குப் பதில் சொல்" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

அந்த நோட்டில் வெறும் வாய்ப்பாடுகூட இருந்திருக்கலாம். திறக்கச் சொல்லியிருந்தால் அரை நிமிஷம்.

சரி, திண்ணைக்கு வருவோம். பையனிடம் எட்டிப் பார்க்கிற அளவை எங்கே மாற்றுவது என்று பேத்தி காட்டினாள். விண்டோ என்ற பட்டனை அழுத்தினால் 0.1308 என்று ஆரம்பித்து ஒரு நீள எண். ஏழரை டிகிரியை ரேடியனில் சொன்னால் அதுதான். பையனுக்கு நீள எண் பிடிக்கவில்லை, அழித்துவிட்டு 0.13 என்று போட்டான். மயிரிழை வித்தியாசம். 24-ஐ மறுபடி போட்டோம்.

திரை காலியாக இல்லை! முளையடியிலிருந்து ஏதோ ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிளம்பி, சுற்றச் சுற்ற அகலமாகி வந்தது. பூ இல்லைதான், கோழி கிளறின குப்பை மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. அளவைப் பொடிப்பொடியாக்கக்கூடத் தேவைப்படவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று கேட்டதே போதுமாக இருந்தது.

அப்புறம் 0.01 வைத்தான். மிஷின் நிதானமாக, மூச்சு வாங்கிக்கொண்டு வரைந்தது. நடுவில் ஒரே இருட்டு, ஓரத்தில் நெருக்கமாக இதழ் நுனிகள். அந்தச் சின்னத் திரையில் எண்ண முடியவில்லை. நாற்பத்தெட்டு என்று கணக்குதான் சொன்னது.

அப்பா எழுந்துவிட்டார். "நேரமாச்சுங்க சார், பட்டறைக்குப் போகோணும். அந்த ஸ்கூல் விஷயம்..."

"நாளைக்குக் காலையில நானே கூட வர்றேங்க" என்றேன். பையன் எழுந்திருக்கவில்லை.

"சார், 0.01 வெச்சா ஒரு சுத்துக்கு எத்தனை தடவை பாக்கும்?"

"நீயே சொல்லு."

விரலை மடக்கினான். "ரெண்டு பை... ஆறு புள்ளி ரெண்டு எட்டு... அறுநூத்தி இருபத்தெட்டு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "அப்ப இதையும் ஏமாத்தலாங்க. நாப்பத்தெட்டு தடவை பாத்தப்ப 48 போட்டா காலி. இதுக்கு 628 போட்டா காலியாகணும். போடுங்கக்கா."

பேத்தி போட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். காலியாக இல்லை. ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு இதழ் இருக்க வேண்டிய இடத்தில், நத்தை ஓடு மாதிரி ஒரே ஒரு கோடு மெதுவாகச் சுருண்டு வெளியே வந்தது.

"பொய்" என்றான் பையன், சிரித்துக்கொண்டே. உடனே சிரிப்பு நின்றது. "ஆனா ஏன் காலியாகலை?"

எனக்குக் காரணம் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பேத்தியிடம் ஒரு பேனா வாங்கிக்கொண்டு, டி.சி. வைத்திருந்த பழுப்பு உறையின் பின்பக்கத்தில் 6.28 என்று எழுதி, அதற்கு அடியில் பையின் மதிப்பை இன்னும் நீளமாக எழுத ஆரம்பித்தான். அப்பா வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.